மெய்யைச் சொன்னால் நம்பிக்கை செத்துப்போகுமா?



வியாதிப்படுக்கையில் இருக்கிறவர்களைப் பார்க்கப் போகும்போதெல்லாம் நாம் தவறாமல் சொல்லுகிற ஒரு வார்த்தை உண்டு. "நம்பிக்கையா இருங்க." சொல்லிவிட்டு, வாங்கிப்போன ஆரஞ்சுப் பழத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிடுகிறோம். ஆனால் எதை நம்பும்படி சொல்லுகிறோம்? பூரண சுகம் கிடைக்கும் என்றா? இன்னும் இருபது வருஷம் இருப்பீர்கள் என்றா? அதை நமக்கு யார் சொன்னது? நிச்சயமாய்த் தெரியாத ஒன்றை நிச்சயம்போலச் சொல்லுவது ஆறுதலா, பொய்யா?

இந்தக் கேள்வியை லேசாய்த் தள்ளிவிடாதிருங்கள். சினைப்பைப் புற்றுநோய் வந்த ஒரு சகோதரியின் வீட்டில் இது தினந்தோறும் எழும்புகிற கேள்வி. மகன் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளுகிறான். மகள் அடுப்படியில் நின்று அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வருகிறாள். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா மனசு விட்டுடுவாங்க" என்று டாக்டரிடமே கெஞ்சுகிறார்கள். அவர்கள் அன்பில்லாதவர்கள் அல்ல. அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள். மெய்யைச் சொன்னால் நம்பிக்கை செத்துப்போகும் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் சரிதானா? இம்மாதம் அதைத்தான் சிந்திக்கப்போகிறோம்.

சத்தமில்லாமல் வருகிற வியாதி

முதலாவது, வியாதி இன்னதென்று அறிந்துகொள்வோம். அறியாத ஒன்றைக்குறித்து நம்பிக்கையும் சொல்ல முடியாது, பயமும் சொல்ல முடியாது.

சினைப்பை என்பது கருப்பைக்கு இரு பக்கமும் இருக்கிற, ஒரு வாதாம் கொட்டை அளவுள்ள சின்ன உறுப்பு. நாம் ஓவரி என்று சொல்லுகிறோமே, அதுதான். வயிற்றுக்குள் ஆழமாய் இருப்பதினால் அங்கே ஒரு கட்டி வளர்ந்தாலும் சீக்கிரம் வெளியே தெரியாது. இந்த நோயில் அதிகமாய்க் காணப்படுகிற வகை, பெரும்பாலும் சினைப்பையில் அல்ல, அதை ஒட்டியிருக்கிற கருக்குழாயின் நுனியிலே தொடங்குகிறது என்று இப்போது வைத்தியர்கள் அறிந்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு கொடுத்த கணக்கின்படி, 2022-ம் ஆண்டில் மாத்திரம் உலகத்தில் சுமார் 3 லட்சத்து 24 ஆயிரம் ஸ்திரீகளுக்கு இந்த நோய் வந்தது. சுமார் 2 லட்சத்து 6 ஆயிரம் பேர் மரித்தார்கள். நம் இந்தியாவில் அந்த ஒரே வருஷத்தில் சுமார் 47 ஆயிரம் பேருக்கு வந்தது.

இத்தனை பேர் மரிப்பதற்கு முக்கியமான காரணம், நோய் வயிற்றுக்குள் பரவின பிறகே கண்டுபிடிக்கப்படுவதுதான். ஆரம்பத்தில் வருகிற அடையாளங்கள் எல்லா வீட்டிலும் சாதாரணமாய்ப் பேசப்படுகிறவை. வயிறு உப்புசம். ரெண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டதுபோல் இருப்பது. அடிவயிற்றில் வலி. அடிக்கடி ஒன்றுக்குப் போகவேண்டும் என்ற அவசரம். "கேஸ்தான், ஓமத்தண்ணி குடிச்சா சரியாயிடும்" என்று நம் தாய்மார்கள் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். பாவாடை நாடா எட்டவில்லை என்றால்கூட "வயசாகுது, சதை போடுது" என்று சொல்லிக்கொள்ளுகிறார்கள்.

வருமுன் கண்டுபிடிக்க ஒரு டெஸ்ட் இல்லையா என்று கேட்பீர்கள். இங்கிலாந்து தேசத்திலே 2 லட்சத்துக்கும் அதிகமான ஸ்திரீகளைச் சேர்த்து, அவர்களில் பாதிப்பேருக்கு வருஷாவருஷம் சிஏ-125 என்னும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ எடுத்துப் பார்த்தார்கள். பல வருஷம் காத்திருந்து 2021-ல் வெளியிட்ட முடிவு என்ன? அப்படிச் சோதித்ததினால் இந்த நோயினால் உண்டாகும் மரணம் குறையவில்லை. ஆகவே எந்தத் தொந்தரவும் இல்லாத எல்லாருக்கும் பொதுவாய்ச் செய்யத்தக்க நல்ல டெஸ்ட் இன்றைக்கும் இல்லை. இரண்டு மூன்று வாரமாய் விடாமல் இருக்கிற, இதற்கு முன் இல்லாத அடையாளத்தைக் கவனிப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

கசப்பான மெய்தான். ஆனால் இதைச் சொன்னதினால் உங்களுக்கு நஷ்டம் ஏதாவது உண்டா? இல்லையே! இதை அறிந்த ஒரு தாய், அறியாத தாயைவிட ஒரு மாதம் முந்தியே டாக்டரிடம் போவாளே!

இரண்டு பொய்கள்

இப்படிப்பட்ட வீடுகளில் இரண்டு பொய்கள் உலாவுகின்றன.

ஒன்று, "ஒண்ணுமில்லம்மா, சின்னக் கட்டிதான், எடுத்துட்டா சரியாயிடும்" என்பது. இரண்டாவது, "கேன்சர்னா முடிஞ்சுபோச்சு, இனி எதுக்கு வீணாச் செலவு பண்ணணும்?" என்பது. முதலாவது பொய் அன்பின் வேஷத்தில் வருகிறது. இரண்டாவது பொய் அனுபவசாலியின் வேஷத்தில் வருகிறது. ஒன்று இனிப்பு, மற்றொன்று கசப்பு. ஆனால் இரண்டும் பொய்தான்.

முதலாவது பொய் அந்தச் சகோதரியின் நாட்களை அவளிடமிருந்து திருடுகிறது. இரண்டாவது பொய் அவளுடைய வைத்தியத்தைத் திருடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் இருக்கிறது. அந்த இடத்தில் நிற்கப் பழகுகிறதுதான் நம்பிக்கை என்று நான் எண்ணுகிறேன். அது எப்படிப்பட்ட இடம் என்று பாருங்கள்.

இன்றைக்கு இருக்கிற வைத்தியம்

சினைப்பைப் புற்றுநோய்க்கு அடிப்படையான வைத்தியம் ஆபரேஷனும் கீமோவும். கண்ணுக்குத் தெரிகிற கட்டிகளை எல்லாம் கூடுமானவரை எடுத்துவிடுகிறார்கள். பின்பு, சிலருக்கு ஆபரேஷனுக்கு முன்பும், மூன்று வாரத்துக்கு ஒரு தரம் வீதம், வழக்கமாய் ஆறு தரம் கீமோ ஏற்றுகிறார்கள். அதில் ஏறுகிற இரண்டு மருந்துகள் கார்போபிளாட்டின், பாக்லிடாக்செல்.

இந்த மருந்துகள் வந்த வழியைக் கேளுங்கள். 1965-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பார்னெட் ரோசன்பெர்க் என்பவர், மின்சாரம் பாய்ந்தால் கிருமிகள் எப்படி வளரும் என்று சோதித்துக்கொண்டிருந்தார். கிருமிகள் பெருகாமல் நின்றுவிட்டன. ஆராய்ந்து பார்த்தால், நிறுத்தினது மின்சாரமல்ல. கம்பியில் இருந்த பிளாட்டினம் கரைந்து உண்டான ஒரு கூட்டுப்பொருள். அதிலிருந்து சிஸ்பிளாட்டின் என்ற மருந்து பிறந்தது. 1978-ல் சினைப்பைப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கொஞ்சம் சாந்தமான அதன் தங்கைதான் கார்போபிளாட்டின். அது 1989-ல் வந்தது.

பாக்லிடாக்செல் ஒரு மரப்பட்டையிலிருந்து வந்தது. 1962-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் யூ என்கிற மரத்தின் பட்டையைச் சேகரித்தார்கள். மன்ரோ வால் என்பவரும், மகாராஷ்டிரத்தின் நந்துர்பாரில் பிறந்த மன்சுக் வானி என்பவரும் அதிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து 1971-ல் வெளியிட்டார்கள். சினைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது 1992-ல். பட்டை உரித்த நாளிலிருந்து முப்பது வருஷம்!

அதற்குப்பின் வந்தவை புதிய மருந்துகள். அவற்றில் ஒன்றை மட்டும் விளக்கமாய்ச் சொல்லுகிறேன். நம் சரீரத்தின் அநேகமாய் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்னும் எழுத்துச்சுருள் இருக்கிறது. அது தினமும் அங்கங்கே சேதப்படுகிறது, தினமும் பழுதுபார்க்கப்படுகிறது. அந்தப் பழுதுபார்க்கும் வேலைக்கு பி.ஆர்.சி.ஏ. என்னும் மரபணுக்கள் இரண்டு உதவுகின்றன. 1990-ல் மேரி கிளேர் கிங் என்ற அம்மையார் முதலாவது மரபணு எங்கே இருக்கிறது என்று காட்டினார்கள். 1994-ல் அது கையில் அகப்பட்டது. சினைப்பைப் புற்றுநோய் வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு இந்த மரபணுக்களில் ஒன்று பிறவியிலேயே பழுதாயிருக்கிறது.

ஒரு வீட்டில் கிணறும் உண்டு, குழாயும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிணறு வற்றினாலும் குழாய்த் தண்ணீரில் காலம் தள்ளலாம். பி.ஆர்.சி.ஏ. கெட்டுப்போன புற்றுநோய் செல் கிணறு வற்றின வீடு. அது பார்ப் என்னும் வேறொரு குழாயை நம்பிப் பிழைக்கிறது. அந்தக் குழாயையும் அடைத்துவிட்டால்? புற்றுநோய் செல் சாகிறது. கிணறு வற்றாத மற்ற செல்கள் பிழைத்துக்கொள்ளுகின்றன. இது நடக்கும் என்று 2005-ல் ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள். அந்தக் குழாயை அடைக்கிற மாத்திரைதான் ஒலாபரிப். 2014-ல் அனுமதி பெற்றது. ஊசியல்ல, வீட்டிலிருந்தே விழுங்குகிற மாத்திரை.

இதனால் என்ன பலன்? நோய் முற்றின நிலையில் புதிதாய்க் கண்டுபிடிக்கப்பட்டு, பி.ஆர்.சி.ஏ. பழுதும் இருந்து, முதல் கீமோவுக்கு நல்ல பலன் கண்ட 391 ஸ்திரீகளைச் சேர்த்தார்கள். 260 பேருக்கு இரண்டு வருஷம்வரை ஒலாபரிப் கொடுத்தார்கள். 131 பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்தார்கள். ஏழு வருஷம் கழித்து, ஒலாபரிப் எடுத்தவர்களில் நூற்றுக்கு 67 பேர் உயிரோடிருந்தார்கள் என்று கணக்கிட்டார்கள். வெறும் மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 46 அல்லது 47 பேர். முற்றின சினைப்பைப் புற்றுநோய் என்று கேட்டதும் கையை விரிக்கிறவர்கள் இந்தக் கணக்கைச் சற்று யோசிக்கட்டும்!

மருந்தினால் ஆகாதது

இங்கே நான் நிறுத்திவிட்டால் முதலாவது பொய்க்குத் துணைபோனவன் ஆவேன். ஆகவே மீதியையும் சொல்லுகிறேன்.

மேலே சொன்ன கணக்கு பி.ஆர்.சி.ஏ. பழுதுள்ளவர்களுக்கு உரியது. எல்லாருக்கும் அதே பலன் கிடைக்காது. அந்த 67 பேரிலும் எல்லாரும் நோயில்லாமல் இருக்கவில்லை. மாத்திரையினால் இரத்தம் குறையும், அசதி உண்டாகும், குமட்டும். அபூர்வமாய்ச் சிலருக்கு இரத்தப் புற்றுநோயும் வருகிறது. இன்னொன்றும் உண்டு. பலதரம் கீமோ எடுத்துக் களைத்துப்போன ஸ்திரீகளுக்கும் இந்த வகை மாத்திரைகளைக் கீமோவுக்குப் பதிலாய்க் கொடுத்துவந்தார்கள். நாளாவட்டத்தில் கணக்குப் பார்த்தபோது, அப்படிப்பட்டவர்களுக்கு ஆயுள் கூடுவதற்குப் பதிலாய்க் குறையலாம் என்ற சந்தேகம் எழும்பிற்று. 2022-ல் அமெரிக்காவில் அந்த உபயோகத்தை மருந்து செய்கிறவர்களே திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

இதைக் கேட்டு, "பார்த்தீங்களா, எல்லாம் ஏமாத்துதான்" என்று சொல்லாதிருங்கள். எனக்கு இது மருந்தின்மேல் உள்ள நம்பிக்கையை அதிகமாக்குகிறது. தன் தவறான கணக்கைத் தானே திருத்துகிறவனுடைய மற்ற கணக்கை நம்பலாம் அல்லவா?

முற்றின நோய் வந்தவர்களில் அநேகருக்கு வியாதி திரும்பவும் தலைதூக்குகிறது. பிளாட்டினம் மருந்துக்கு மசியாத நிலையும் வருகிறது. அந்த நிலையில் உள்ளவர்களுக்கும் இப்போது ஒரு மருந்து வந்திருக்கிறது. மிர்வெடுக்சிமாப் என்று பேர். புற்றுநோய் செல்லின் மேற்பரப்பில் இருக்கிற ஒரு புரதத்தைத் தேடிப்பிடித்து, கூடவே கொண்டுபோன விஷத்தை உள்ளே இறக்குகிறது. அந்தப் புரதம் மிகுதியாய் இருக்கிறவர்களுக்கே பலிக்கும். கண் மங்குவது அதின் முக்கியமான தொந்தரவு. 453 ஸ்திரீகளை வைத்துச் செய்து 2023-ல் வெளியான ஆராய்ச்சியில், இந்த மருந்து எடுத்தவர்களின் நடுக்கணக்கு 16.46 மாதம், கீமோ எடுத்தவர்களுக்கு 12.75 மாதம். 2024-ல் இதற்கு முழு அனுமதி கிடைத்தது.

"நாலு மாசத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு பதில் சொல்லுகிறேன். முதலாவது, நடுக்கணக்கு என்பது ஒருவருக்கும் எழுதிவைத்த தேதி அல்ல. பாதிப்பேர் அதற்கு முன்னே போகிறார்கள், பாதிப்பேர் அதைத் தாண்டிப் போகிறார்கள். சிலர் வெகுதூரம் தாண்டுகிறார்கள். டாக்டர் சொல்லுகிற மாதக்கணக்கைத் தீர்ப்பாக எண்ணி, அன்றைக்கே சாகிறவர்கள்போல முகத்தைச் சுவர்ப்புறம் திருப்பிக்கொள்ளாதிருங்கள்.

இரண்டாவது, நாலு மாதம் சின்னது என்று யார் தீர்மானிக்கிறது? சுகமாயிருக்கிற நமக்கு அது ஒரு பள்ளி டேர்ம். அவளுக்கோ, மகளின் பிரசவத்தைப் பார்க்கிற நாலு மாதம். பேசாமலிருந்த தம்பியோடு ஒப்புரவாகிற நாலு மாதம். பேங்க் பாஸ்புக்கையும் வீட்டுப் பத்திரத்தையும் பிள்ளைகள் கையில் கொடுத்து விளக்குகிற நாலு மாதம். அதை அளக்கிற படி அவள் கையில்தான் இருக்கிறது.

ஆனால் கவனியுங்கள்! இந்த நாலு மாதம் அவளுக்குப் பிரயோஜனப்பட வேண்டுமானால், அவளுக்கு மெய் தெரிந்திருக்க வேண்டும். "சின்னக் கட்டிதான்" என்று சொல்லிவைத்தால், அவள் அந்த நாலு மாதத்தையும் "உடம்பு தேறினப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டே கழித்துவிடுவாள். மருந்து சம்பாதித்துக் கொடுத்த நாட்களைப் பொய் செலவழித்துவிடும்.

அவள் வியாதியை அவளுக்குச் சொல்லுங்கள்

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் மறைக்கிறீர்கள் என்பது அவளுக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? அவள் தாய். உங்கள் முகத்தைச் சிறுவயதிலிருந்து வாசித்தவள். கீமோ வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரம்மா, "உங்களுக்கு எத்தனாவது சைக்கிள்?" என்று கேட்டதிலேயே அவளுக்கு விளங்கிப்போயிருக்கும். அவளும் உங்களுக்காகத் தெரியாததுபோல நடிக்கிறாள். நீங்களும் நடிக்கிறீர்கள். ஒரே வீட்டில், ஒரே துக்கத்தை, ஆளுக்கொரு அறையில் அழுகிறீர்கள். எத்தனை பெரிய தனிமை அது!

மெய்யைச் சொல்லுவது என்றால் முகத்தில் அடித்ததுபோலச் சொல்லுவதல்ல. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டுவதுமல்ல. "அம்மா, டாக்டர் சொன்னதை உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்?" என்று முதலில் கேளுங்கள். "இன்னைக்கு வேண்டாம்" என்று அவள் சொன்னால் அதற்கும் இடங்கொடுங்கள். ஆனால் அவள் கேட்கும்போது பொய் சொல்லாதிருங்கள். "இது லேசான வியாதி இல்லைம்மா. ஆனா வைத்தியம் இருக்கு. நாங்க கூடவே இருப்போம்." இந்த மூன்று வாக்கியமும் மெய். மூன்றிலும் நம்பிக்கை இருக்கிறது.

விசுவாசக் குறைவோ?

நம்முடைய ஜனங்கள் நடுவே எழும்புகிற ஒரு காரியத்தையும் தொடாமல் விட முடியாது. "கீமோவுக்குப் போனா விசுவாசம் எங்கே இருக்கு?" என்று கேட்கிறவர்கள் சிலர் உண்டு. கண்ணாடி போட்டுக்கொண்டு வேதம் வாசிக்கிறவர் அதை அவிசுவாசம் என்று எண்ணுகிறதில்லை. சர்க்கரைக்கு மாத்திரை விழுங்கிவிட்டு ஆராதனைக்கு வருகிறவரையும் யாரும் கேட்கிறதில்லை. சுவிசேஷம் எழுதின லூக்காவே ஒரு வைத்தியர்தானே! கேன்சர் வந்தவளிடத்தில் மாத்திரம் ஏன் இந்தக் கேள்வி?

இதைவிட வேதனையான ஒன்று இருக்கிறது. முதல் கீமோ முடிகிறது. ஸ்கேன் சுத்தமாய் வருகிறது. அந்தச் சகோதரி சபையில் எழுந்து, மொட்டைத் தலையில் முக்காடிட்டுக்கொண்டு, சந்தோஷமாய்ச் சாட்சி சொல்லுகிறாள். எல்லாரும் கை தட்டுகிறார்கள். ஒன்றரை வருஷம் கழித்து வியாதி திரும்புகிறது. இப்போது அவளுக்கு வயிற்றில் உள்ள கட்டியைவிட, சபையாரின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் பெரிய பாரமாகிறது. மெல்ல மெல்ல வருவதை நிறுத்திவிடுகிறாள். "என்ன சிஸ்டரை காணோம்?" என்று நாமும் இரண்டு வாரம் கேட்டுவிட்டு விட்டுவிடுகிறோம்.

அவள் பொய்ச்சாட்சி சொன்னாளா? இல்லவே இல்லை! அன்றைக்குச் சொன்னது அன்றைக்கு மெய். இந்த நோயின் சுபாவமே திரும்பி வருவதுதான். அது அவளுடைய ஜெபத்தின் குறைவுமல்ல, பாவத்தின் கூலியுமல்ல. சாட்சி சொன்ன நாளில் கை தட்டின நமக்கு, வியாதி திரும்பின நாளில் அவள் பக்கத்தில் உட்காரத் தெரியவேண்டாமா? சுகமானவர்களுக்கு மாத்திரம் மேடை கொடுக்கிற இடத்தில், சுகமாகாதவர்கள் ஒளிந்துகொள்ளுவார்கள். நம்பிக்கைக்கும் நிச்சயத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நாம் கற்றுக்கொள்ளாததினால் வந்த கேடு இது. நிச்சயம் என்பது முடிவு தெரிந்த பிறகு வருவது. நம்பிக்கையோ முடிவு தெரியாதபோது அடுத்த அடி எடுத்துவைப்பது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

கடைசியாக இதைச் சிந்தியுங்கள். இன்று ஒரு சகோதரியின் கையில் ஒலாபரிப் மாத்திரை இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது?

அந்த மாத்திரை டி.என்.ஏ.வின் பழுதைக்குறித்த அறிவிலிருந்து வந்தது என்று சொன்னேன். டி.என்.ஏ.வின் வடிவம் உலகத்துக்குத் தெரியவந்தது 1953-ல். அதற்குக் கைகொடுத்த எக்ஸ்ரே படம் 1952-ல் லண்டனில் ரோசலிண்ட் பிராங்க்ளின் என்ற விஞ்ஞானியின் ஆய்வில் எடுக்கப்பட்டது. 1956-ல் அமெரிக்காவுக்குப் போயிருந்தபோது, தன் பாவாடையின் ஜிப்பைப் போட முடியாதபடி வயிறு உப்பியிருப்பதை அந்த அம்மையார் கண்டார்கள். ஊர் திரும்பினதும் ஆபரேஷன். சினைப்பைப் புற்றுநோய்! அதற்குப் பின்னும் ஆய்வுக்கூடத்துக்குப் போய் வைரஸ்களைக்குறித்து வேலைசெய்துகொண்டே இருந்தார்கள். 1958 ஏப்ரலில் மரித்தபோது வயது 37. தாங்கள் கண்டுபிடிக்க உதவின காரியத்திலிருந்து, தங்களைக் கொன்ற அதே வியாதிக்கு ஐம்பத்தாறு வருஷம் கழித்து ஒரு மாத்திரை வரும் என்று அவர்களுக்குத் தெரியாது.

நம்முடைய சென்னையிலும் அப்படிப்பட்ட ஒரு காரியம் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கை புற்றுநோயினால் மரித்தார்கள். அந்தத் துக்கம் அந்த அம்மையாரை விடவில்லை. 1954-ல் அடையாற்றில் 12 படுக்கையோடு கேன்சர் இன்ஸ்டிடியூட் தொடங்கினது அதிலிருந்துதான். 1955-ல் அங்கே வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையார், 2021-ல் மரிக்குமட்டும் அந்த ஸ்தாபனத்துக்கே ஜீவனைக் கொடுத்தார்கள். தங்கைக்குக் கிடைக்காதது அநேகமாயிரம் பேருக்குக் கிடைத்தது.

இன்னும், ஒலாபரிப் ஆராய்ச்சியில் வெறும் மாத்திரை பெற்ற அந்த 131 பேரை நினைத்துப்பாருங்கள். தங்கள் கையில் இருப்பது மருந்தா, வெறும் மாவா என்று அறியாமலே அதை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தவர்கள். அவர்கள் சம்மதிக்காவிட்டால் அந்த மருந்து மெய்யாகவே பலிக்கிறதா என்று யாருக்கும் தெரிந்திராது. அவர்கள் பேர் நமக்குத் தெரியாது. அவர்களுடைய நாட்கள்தான் இன்று வேறொருத்தியின் கையில் மாத்திரையாக இருக்கிறது.

ஆகவே பிரியமானவர்களே, நம்பிக்கை என்பது "எனக்குச் சுகம் கிடைத்தே தீரும்" என்று அடம்பிடிப்பதல்ல. மெய்யை முகமுகமாய்ப் பார்த்தவர்கள், தங்களுக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்று தெரியாமலே செய்துவைத்த நன்மைதான் நம் கையில் நம்பிக்கையாய் வந்து சேர்ந்திருக்கிறது. பொய்யின்மேல் கட்டியிருந்தால் அதில் ஒரு மாத்திரையும் வந்திராது. மெய்யைச் சொன்னால் நம்பிக்கை சாகாது. மெய்தான் அதைப் பெற்ற தாய்.

நாம் செய்யத்தக்கது என்ன?

ஒன்று, அடையாளங்களை அசட்டைபண்ணாதிருங்கள். வயிற்று உப்புசமும் அடிவயிற்று வலியும் வாரக்கணக்கில் நீடித்தால், ஸ்கேன் எடுத்துப் பார்க்கும்படி டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.

இரண்டு, நோய் கண்ட சகோதரிகள் பி.ஆர்.சி.ஏ. பரிசோதனையைப்பற்றி விசாரியுங்கள். எந்த மருந்து பலிக்கும் என்பதற்கு அது வழிகாட்டும். பழுது இருக்கிறது என்று தெரிந்தால் மகளுக்கும், கூடப்பிறந்த அக்கா தங்கைகளுக்கும் சொல்லுங்கள். மகனுக்கும் சொல்லுங்கள், அது ஆண்பிள்ளைகள் வழியாயும் இறங்கும். பொதுவாய் நூறு ஸ்திரீகளில் ஒருத்தி அல்லது அதற்குச் சற்று அதிகமானவர்களுக்கு வருகிற இந்த நோய், முதலாவது பி.ஆர்.சி.ஏ. பழுதுள்ளவர்களில் சுமார் நாற்பது பேருக்கோ அதற்கு மேலோ வரக்கூடும். பிள்ளைபெற்று முடிந்தபின் சினைப்பையையும் கருக்குழாயையும் முன்கூட்டியே எடுத்துவிட்டால் அந்த ஆபத்து மிகவும் குறைகிறது. "சொன்னா பொண்ணுக்கு வரன் அமையாதே" என்று மறைப்பது மகளுக்குச் செய்கிற நன்மையல்ல.

மூன்று, பணமில்லை என்று வைத்தியத்தை விட்டுவிடாதிருங்கள். புதிய மருந்துகள் விலை அதிகம் என்பது மெய். ஆனால் ஆபரேஷனும் கீமோவும் இன்றைக்கும் அஸ்திபாரம். அரசு ஆஸ்பத்திரியிலும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் என்ன கிடைக்கும் என்று விசாரிக்க, படித்த ஒரு வாலிபன் கூடப்போனால் போதும். அந்த வாலிபன் உங்கள் சபையில் இருக்கிறானே!

நான்கு, வைத்தியம் இனிப் பலிக்காது என்ற நாள் வந்தால், அதையும் மெய்யாய் ஏற்றுக்கொள்ளுங்கள். அன்றைக்கு நம்பிக்கை முடிந்துபோவதில்லை, இடம் மாறுகிறது. வலியில்லாமல் இருப்பது, வயிற்றில் கோர்த்த நீரை இறக்கி மூச்சுவிட இலகுவாக்குவது, வேண்டியவர்கள் பக்கத்தில் இருப்பது, இவை எல்லாம் அன்றைக்குரிய நம்பிக்கை. வலிக்கு மார்பின் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னால் பயப்பட்டுத் தடுக்காதிருங்கள்.

ஐந்து, கீமோ போட்டு வந்தவள் வீட்டுக்குப் போகிறவர்கள், அறிவுரை கொண்டுபோகாதிருங்கள். மருந்தினால் அவள் விரல் நுனி மரத்துப்போயிருக்கும். தேங்காய் துருவ முடியாது, பித்தான் போட முடியாது. ஒரு வேளைக் குழம்பைக் கொண்டுபோங்கள். பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வாருங்கள். அவள் பேசினால் கேளுங்கள். அவள் அழுதால், "அழாதீங்க" என்று சொல்லாதிருங்கள். அடுத்த கீமோ என்றைக்கு என்று மாத்திரம் கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்த நாளில் காலை ஆறு மணிக்கு ஆட்டோவோடு அவள் வாசலில் நில்லுங்கள்.